அரைப்பேர்

பதினெட்டு கிலோ எடுத்தால் ஒரு பேர்.
பதினேழரை எடுத்தாலும் அரைப்பேர்தான்.
எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள்,
ஒரு நாளின் கூலி.
வெளியாளுக்குச் சொன்னால் சிரிப்பான்:
மனுஷருக்கு அரைப்பேர் உண்டா?

உண்டு. எனக்கு மாசத்தில் பதினைந்து நாள் உண்டு.
என் பேர் பூங்காவனம்.
செக்ரோலில் பாதி.

குவைத்தில் ஒரு குசினியில்
இடது கையில் கொதியெண்ணெய் கவிழ்ந்தது.
நாலு விரலும் ஒட்டி, மடங்கி,
உறைபனியில் கருகிய கொழுந்து மாதிரி.
ஒன்பது வருஷம் அனுப்பிய காசில்
அவர் வேறொரு லயத்தில் வேறொரு அடுப்பு மூட்டியிருந்தார்.
"ரெண்டு கையோட போன, ஒண்ணோட வந்த"
என்றாள் நாத்தனார். அவ்வளவுதான் வரவேற்பு.
அன்றிலிருந்து அந்தக் கை படங்குக்குள்ளே.

நிறுவையில்
தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிப்பார்கள்,
சாக்குக்கு ஒன்று,
முற்றல் இலை என்று இன்னொன்று.
கணக்கப்பிள்ளை அருமைநாதன் கெட்டவரில்லை.
காதில் செருகிய பென்சிலை எடுத்து
முகம் பார்க்காமல் எழுதுவார்.

கீழ் டிவிஷன் ஜெபவீட்டுக்கு நான் போனது
தேவனைத் தேடியல்ல, பொய் சொல்ல மாட்டேன்.
மண்சரிந்து பாதை அடைபட்ட வாரம்.
என் காம்பிராவில் கூரைத்தகரம் ஒழுகியது.
அங்கே ஒழுகவில்லை.
கடைசி வாங்கில் குந்தினேன்.

அன்று ஒரு தோட்டத்தின் கதை வாசித்தார்கள்.
விடியப் பெரட்டுக்கு வந்தவர்கள்,
வெயிலேற வந்தவர்கள்,
பொழுது சாயும்வரை
யாரும் கூப்பிடவில்லையே என்று சந்தியில் நின்றவர்கள்.
கூலி கொடுக்கையில் தோட்டக்காரர்
கடைசி ஆளில் தொடங்கினார்.
முழுப்பேர்.
எல்லாருக்கும் முழுப்பேர்.

இப்படியும் ஒரு துரையா?
எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு மூக்கு எரிந்தது.
காலையிலிருந்து குனிந்தவனுக்கு இது நியாயமா
என்று முன்வாங்கில் யாரோ முனகினார்கள்.
நியாயமில்லைதான்.
நியாயத்தில்தானே இத்தனை காலம் இருந்தேன்.
தராசு சரியாகத்தான் இருந்தது.

பட்டணத்திலிருந்து அப்பம் வந்து சேரவில்லை.
போதகர் கடைப் பாணை வெட்டி வைத்திருந்தார்,
ஓரம் காய்ந்த நேற்றைய பாண்.
எழுந்த வரிசை என்னையும் தள்ளிக்கொண்டு போனது.
முழந்தாளிட்டபின் பயம் வந்தது.
"நான் ஒங்க ஆள் இல்லைங்க" என்றேன்.
"ஞானஸ்நானம் எடுக்கல. கையும் இப்பிடி."
அவர் நின்றார். தட்டும் நின்றது.
"ரெண்டு கையையும் நீட்டுங்கம்மா."

ரெண்டு.

சேலைத்தலைப்புக்குள்ளிருந்து எடுத்தேன்.
மடங்கிய விரல்கள்
எப்போதோ ஒரு கிண்ணமாகியிருந்தன;
பாண்துண்டு வழுக்காமல் உட்கார்ந்தது.

பக்கத்தில் முழந்தாளில் இருந்தது யாரென்று
பிறகுதான் பார்த்தேன். அருமைநாதன்.
காதில் பென்சில் இல்லை.
அவர் துண்டும் என் துண்டும் ஒரே அளவு.
இல்லை, என்னுடையது கொஞ்சம் பெரிது
என்று இன்றைக்கும் எனக்கு ஒரு நினைப்பு.

திங்கள் மழை விட்டது.
பதினாலு கிலோ.
எழுதுமுன் அருமைநாதன் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்,
என் முகத்தை.
பிறகு எழுதினார், அரை என்றே.

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை.
விரல் நிமிரவில்லை, தகரம் மாறவில்லை,
அந்த அடுப்பு அந்த லயத்தில்தான் எரிகிறது.
ஏழு வருஷமாகிறது.
எத்தனையோ பாண் சாப்பிட்டிருக்கிறேன், செரித்துப்போனது.
அந்தத் துண்டு மட்டும் இன்னும் தீரவில்லை.

மறுநாள் நாலாம் நம்பர் மலையில்
பக்கத்து நிரைப் பெண் உற்றுப் பார்த்தாள்.
கை வெளியே இருந்தது.
"அக்கா, அது என்னா கை?"
சொன்னேன். குவைத்தையும் சொன்னேன்,
பாணையும் சொன்னேன்.
சொல்லி முடிக்க மூன்று கிலோ நேரம் போனது.
அன்றைக்கு எடுத்தது பதினொன்று.