பதினோராவது கம்பம்

எங்கள் முகமைக்கு மூன்றாம் மாடியில் ஓர் அறை,
சத்துவாச்சாரி வெயிலுக்கு நேர் எதிரே.
சுவரில் நாங்களே அச்சடித்த ஸ்டிக்கர்:
'வெளியேறும்போது மின்விசிறியை நிறுத்தவும்.'
ஏப்ரல் முதல் அந்தக் கவலை இல்லை.
அது தானாகவே நின்றுவிட்டது.

ஆய்வுப் படிவம் பதினெட்டுப் பக்கம்.
தாளம்பாறை, அணைக்கட்டு ஒன்றியம்.
சூரியசக்தித் தெருவிளக்கு, எண்ணிக்கை பதினான்கு.
நிறுவிய நாள், பலகையின் வாட், பாட்டரியின் எடை.
ஏழாம் பத்தியில் மட்டும்
இரண்டே சொற்கள்:
எரிகிறது / எரியவில்லை.
பொருந்தாததை அடிக்கவும்.

ஒடுகத்தூர் தாண்டி ஜீப் நின்றது.
டிரைவர் எத்திராஜ் டயரைப் பார்த்தார், மலையைப் பார்த்தார்.
"இதுக்கு மேல நீ நடந்துக்கோ சார்."
மூன்று மணி நேரம்.
காலுக்கடியில் உருளும் கல்.
தோளில் மீட்டர் பெட்டி,
தொலைத்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
இரண்டாவது வளைவில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோதுதான்
உறைத்தது:
தெருவே இல்லாத ஊருக்குத்
தெருவிளக்கு கொடுத்திருக்கிறோம்.

பகலில் விளக்கைச் சோதிக்க ஒரு வழி உண்டு.
பலகையைத் துணியால் மூடினால்
இரவு வந்துவிட்டதென்று நம்பி எரியும்.
சடையாண்டி தன் துண்டோடு ஏறினான்.
சாமை காயும் பாறையோரம், எரிகிறது.
பலாமரத்தடி, எரிகிறது.
பள்ளிக்கூடத்து மூலை,
கொஞ்சம் யோசித்து, எரிகிறது.
பத்து முறை இரவு வந்து போனது
அந்த ஊருக்கு, மதியம் ஒரு மணிக்குள்.

பதினோராவது, வெறும் கம்பம்.
பலகை மட்டும் மேலே வெயில் குடித்துக்கொண்டிருந்தது.
கீழே ஓர் ஆடு கட்டியிருந்தது.
"பாட்டரி எங்கே? விளக்கு எங்கே?"
சடையாண்டி துண்டை உதறினான், பதில் சொல்லவில்லை.
வெள்ளச்சிதான் சொன்னாள்:

"ஐப்பசி மழைல குப்புக்கு வலி கண்டுச்சி சார்.
ராத்திரி. டோலி கட்டியாச்சு.
டார்ச்சு ஒண்ணுதான், அதுவும் மினுக்கு மினுக்குன்னு.
காலு வைக்கிற எடம் தெரியணுமே.
இவன்தான் ஏறிக் கழட்டினான்.
பாட்டரி ஒருத்தன் முதுகுல,
விளக்கு மூங்கில்ல, முன்னால."

இருபத்திரண்டு கிலோ.
படிவத்தில் நானே எழுதிய எடை.
நாங்கள் நட்ட இடத்தில் நிற்காமல்
தெருவிளக்கு எழுந்து
தெருவைத் தேடிப் போயிருக்கிறது.

"கானாத்துல வழுக்கி பாட்டரி தண்ணியோட போச்சி.
அதுக்குள்ள இவ பொறந்துட்டா."
இடுப்பிலிருந்த குழந்தை
என் மீட்டரின் சிவப்பு ஒயரைப் பிடித்து
வாயில் வைத்துக்கொண்டது.
"கேஸு போடுவீங்களா?"
"இல்லை."
"ரோடு உங்க ஆபீஸா?"
"இல்லைம்மா. அது வேற ஆபீஸ். நடுவுல காடு வேற ஆபீஸ்."
"அப்ப நீங்க வெளிச்சம் மட்டும்."
"ஆமாம். வெளிச்சம் மட்டும்."

மிச்சம் மூன்றையும் பார்த்தேன்.
பதின்மூன்றில் எறும்புக் கூடு.

இறங்கி வந்து, ஜீப்பின் பானட்டில் படிவத்தை விரித்து,
பதினோராம் எண்ணுக்கு நேராக
எரிகிறது என்பதை அடித்தேன்.
பேனா நின்றது.
பிறகு எரியவில்லை என்பதையும் அடித்தேன்.
குறிப்பு என்ற அரை அங்குலக் கட்டத்தில்
'ஒருமுறை இடம் பெயர்ந்தது' என்று எழுதினேன்.
வேறு எப்படி எழுத?

எட்டாம் நாள் திரும்பி வந்தது,
பச்சை மையில்:
'பத்தி ஏழு தெளிவாக இல்லை.
மறு ஆய்வு செய்து அனுப்பவும்.'

வியாழக்கிழமை போகிறோம்.
குடோனிலிருந்து ஒரு பாட்டரி, கையெழுத்துப் போட்டு எடுத்தது.
எத்திராஜ் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு
ஜீப்பிலிருந்து சாக்கும் கயிறும் எடுத்து வைத்தார்.
"ஒத்த ஆளு தூக்குற சாமானா சார் இது?"
என்றார், எரிச்சலோடு.