சோதனை

ஸோதன்புயா என்பது என் பெயர்.
கல்லடியில் யாரும் அதை முழுதாகச் சொன்னதில்லை.
முதல் கிழமையே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுருக்கிவிட்டார்கள்:
"டேய், சோதனை வருதுடா!"
வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, நெஞ்சில் பெயர்த்தகடு.
பதினொன்றரை வெயிலில் ஒரு சோதனை
சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்.

உருட்டிக்கொண்டுதான்.
நான் பிறந்த மிசோ மலையில் சைக்கிளுக்கு இடமில்லை,
ஒன்றில் ஏற்றம், இல்லாவிட்டால் பள்ளம்.
இருபத்தொரு வயதில், கல்லடிக் கடற்கரையில்,
கிளெமென்ற் பின்னால் சீற்றைப் பிடித்தபடி ஓடிவர,
தோணி இழுத்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுச் சிரிக்க,
பதினேழு தரம் விழுந்தேன்.
வேதம் படிப்பித்த கல்லூரியில்
இது பாடத்திட்டத்தில் இல்லை.

ஐந்தரைக்கு எழும்புவோம். செபம்.
பிறகு தமிழ்: இன்றைக்கு ழ, நாளைக்கும் ழ.
திங்கட்கிழமை உடுப்புத் தோய்த்து,
அம்மாவோடு அரைமணி நேரம் வீடியோவில் பேச்சு.
"அங்கே குளிருகிறதா?" என்பாள் ஒவ்வொரு முறையும்.
கொடியில் என் கழுத்துப்பட்டி
உப்புப் பூத்துக் கிடக்கும்.

காத்தான்குடியைத் தாண்டும்போது
புத்தகப் பையைத் திறப்பதில்லை. அது கிளெமென்றின் விதி.
ஞாயிறு ஆராதனைக்கு வாசலில் நின்று
பையைத் திறந்து காட்டுகிறோம்.
அது யாருடைய விதி என்று யாரும் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை.

பாவத்தைப் பற்றித்தான் பேச வந்தேன்.
"பாவம் புள்ள, வேர்த்து ஊத்துது" என்று
ஒழுங்கை முழுக்க அந்தச் சொல்லை
எனக்கே திருப்பித் தந்து
தேத்தண்ணியும் தந்தார்கள்.

நொச்சிமுனையில் யோகம்மா கேட்டாள்:
"பேரென்ன மனே?"
சொன்னேன்.
"சோதனையா? முந்தி ராவையில வருவானுகள்.
இப்ப பகலிலயும் தொடங்கிற்றானுகளா?"
அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.
கிளெமென்ற் சிரிக்கவில்லை. அவன் பதுளைக்காரன்,
இந்த நாட்டில் வளர்ந்தவன்.

அன்றைக்குத்தான் என் முன்சில்லு வளைந்தது.
யோகம்மா உள்ளே போய்ச்
சாக்கு மூடிய சைக்கிள் ஒன்றை வெளியே எடுத்தாள்.
சங்கிலியில் புது எண்ணெய். மணியில் முகம் தெரிந்தது.
ஓட ஆளில்லாத சைக்கிளின் ரியூப்பில்
காற்று கல்லாக நின்றது.
"மகன்ட.
விசாரிச்சுப்போட்டு விடுறமெண்டுதான் கூட்டிப்போனவனுகள்.
நீ ஆறு மணிக்குள்ள கொண்டுவந்து விட்டிரு."

சீற்று உயரம்.
என்னைவிட அரைச்சாண் வளர்ந்தவன் போலிருக்கிறது.
பதிப்பதற்குக் கிளெமென்ற் சாவியை எடுத்தான்.
வேண்டாமென்றேன்.
பெருவிரல் நுனியால் மிதித்து
எதிர்க்காற்றில் பாலம் ஏறினேன்,
என் வாழ்நாளில் நான் ஏறிய
மிகச் சிறிய மலை.

சனிக்கிழமை அறிக்கையில் கட்டங்கள் உண்டு:
தட்டிய கதவுகள், கொடுத்த புத்தகங்கள்,
செபிக்கச் சம்மதித்தவர்கள்.
யோகம்மாவை எதில் எழுத?
புத்தகத்தை வாங்கிக் கண்ணாடி அலுமாரியில்
சாயி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். திறக்கவில்லை.
செபத்துக்கு நான் கண்ணை மூட
அவள் பிரேக்கை அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
பெடலைச் சுற்றிச் சில்லு நேராக ஓடுகிறதா என்று.
மட்காட்டில் ஒட்டிய மணலைச்
சீலைத் தலைப்பால் துடைத்தாள்.
"நாளைக்கும் வேணுமெண்டா வா கா."

ஒன்பது நாளாய் அதில்தான் ஓடுகிறேன்.
என் சில்லு எப்போதோ நிமிர்ந்துவிட்டது.

மணியை மட்டும் அடிப்பதில்லை.
ஆடு குறுக்கே வந்தாலும் வாயால்தான் கத்துவேன்,
அதுவும் மிசோவில்.
முதல் நாள் திரும்பி வந்து
கடப்படியில் தெரியாமல் அடித்துவிட்டேன், இரண்டு தரம்.
புட்டுக்கு மாக் குழைத்த கையோடு
செருப்பில்லாமல்
ஓடி வந்தாள்.
என்னைக் கண்டு நின்றாள்.
"நீயா," என்றாள்.

ஆறு மணிக்கு இன்னும்
பத்து நிமிடம் இருந்தது.