தேதி போடாத பில்

பணம் வந்தது
மார்ச் இருபத்தெட்டு, மாலை நாலு பத்துக்கு.
ஜூலையில் வந்திருக்க வேண்டிய இருபத்தைந்தாயிரம்.
முப்பத்தொன்றுக்குள் செலவாகாவிட்டால்
வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

நான் வட்டார வள மையத்தின் கணக்காளர்.
ஒப்பந்தம்.
பதினோரு மாதத்துக்கு ஒருமுறை
ஒரே ஒரு நாள் வேலை இல்லாதவளாகி
மறுநாள் புதிதாய்ச் சேர்கிறவள்.
மத்தியப் பங்கு வரவில்லை என்று
எனக்கே மூன்று மாதமாய்ச் சம்பளம் இல்லை.
என் பையில் இருக்கின்றன
பதினேழு பள்ளிகளின் பயனீட்டுச் சான்றிதழ்கள்.

எர்ணாவூர் பஸ்
கன்டெய்னர் லாரிகளின் வாலில் நின்றுவிட்டது.
இறங்கி நடந்தேன்.
துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு
பள்ளிக்குள் நுழையும்போது
தண்ணீர் கொட்டும் சத்தம்.

பியாட்ரிஸ் டீச்சர் பீரோவைத் திறந்து
ஒரு பில்லை எடுத்து வைத்தார்.
ஒன்றரை ஹெச்.பி. மோட்டார், ஒன்று.
பதின்மூன்றாயிரத்து எண்ணூறு.
தேதி இருக்க வேண்டிய இடம் வெறுமை.

நவம்பரில் எரிந்துபோனது பழைய மோட்டார்.
கழிப்பறையில் தண்ணீர் இல்லாமல்
ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பெண்கள்
மதியச் சாப்பாட்டோடு வீட்டுக்குப் போனார்கள்.
பிறகு காலையிலும் வரவில்லை.
மூன்றாவது வாரம்
டீச்சர் தன் செயினை அடகு வைத்தார்.

இதெல்லாம் என் கணினிக்கும் தெரியும், வேறு விதமாக.
நவம்பரில் இந்தப் பள்ளி சிவப்பு.
டிசம்பரில் பச்சை.
"வருகை உயர எடுத்த நடவடிக்கை என்ன?" என்று கேட்டது மேலிடம்.
வீடு தேடிச் சந்திப்பு, விழிப்புணர்வுப் பேரணி,
பெற்றோர் கலந்துரையாடல்:
மூன்றில் ஒன்றைத்தான் தொட முடியும்.
மோட்டார் அந்தப் பட்டியலில் இல்லை.
நான் பேரணியைத் தொட்டேன்.
பாராட்டுக் கடிதம் வந்தது.

இப்போது விதி இது:
பணம் வருமுன் வாங்கிய பொருளுக்குப்
பணம் இல்லை.

கடைக்காரர் செந்தூர்பாண்டிக்கு போன் போட்டோம்.
"பில்லு கரெக்டா இருக்கும்மா.
தேதிய மட்டும் ஒங்க தோதுக்குப் போட்டுக்கிடுங்க.
வருசா வருசம் எல்லா ஸ்கூலுக்கும் இப்படித்தானே."

மேலாண்மைக் குழுத் தலைவி தேசம்மா
மீன் கூடையைக் கேட்டருகே வைத்துவிட்டு வந்தாள்.
கையை முந்தானையில் துடைத்தாள்.
நடக்காத கூட்டத்தின் தீர்மானத்தை
எழுத்துக் கூட்டி முழுசாய்ப் படித்தாள்.

"அப்போ மோட்டரு நேத்துதான் வாங்கிக்கீறோம்."

"எழுத்துல அப்படி."

"கொயந்தைங்கோ தண்ணியில்லாம கெடந்ததும்
நேத்துதான்னு எயுதிக்கினியா?"

நான் பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன்.
அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
கையெழுத்துப் போட்டாள்.
வெயில் ஏறினால் மீன் கெட்டுவிடும்.

இருப்புப் பதிவேட்டில் இருபத்தொன்பது என்று எழுதினேன்.
தணிக்கைக்கு வருகிறவர்கள் பொருளைத் தொட்டுப் பார்ப்பார்கள்,
ஆகவே நானும் போய்ப் பார்த்தேன்.

போர்வெல் பக்கத்தில்
நேற்று வாங்கிய மோட்டார்
நாலு மாதக் கடல்காற்றில் துருப்பிடித்து நின்றது.
போல்ட்டுகளில் பழுப்பு.
விசிறி மூடியில் விரல் வைத்தால் உதிர்கிறது.
இந்த உப்பிடம்
எந்தத் தேதியைக் கொடுத்து எழுதச் சொல்வது?

டீச்சரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.
பராமரிப்புத் தலைப்பில் இன்னும் பணம் இருந்தது.

சின்ன டின் நீல பெயின்ட், ஒரு பிரஷ்,
உப்புத்தாள் ரெண்டு.
முந்நூற்று நாற்பது ரூபாய்.
எட்டாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர்
வாங்கி வந்து, தேய்த்து, பூசினார்கள்.
எதற்கு என்று கேட்கவில்லை.
சந்தோஷமாகவே பூசினார்கள்.

அந்த பில்லில் மட்டும்
தேதியைக் கடைக்காரரே போட்டிருந்தார்.
மார்ச் முப்பது.
அன்று மார்ச் முப்பதுதான்.