ஆறாம் எண் அறை, ரோஸ்டாக்

எட்டுப் படுக்கை, ஏழு குறட்டை.
எட்டாவது ஆள் நான்.
துறைமுகச் சலவைக்கூடத்தில் இரவு வேலை எனக்கு.
விடுமுறை இரவென்று சொன்னால்
உடம்பு நம்ப மறுக்கிறது.

இங்கே யாரையும் பெயர்சொல்லி அழைப்பதில்லை.
சார்ஜர் ஒயரின் நிறம் தெரியும்,
எந்தக் கட்டில் எத்தனை மணிக்குக் கிரீச்சிடும் என்பது தெரியும்,
யாருடைய துண்டு காயாமல் நாறுகிறது என்பதும்.
ஒரே காற்றை எட்டாகப் பங்கிட்டுக்கொண்டு
காலையில் பார்வையைத் திருப்பிக்கொள்வோம்,
அதுதான் மரியாதை.

கீழ்க் கட்டில், கம்பிக்கு வெளியே நீளும் பாதங்கள்: டெட்லெஃப்.
போன வருடம் வரை உல்லாசக் கப்பல்களில்
நீச்சல் குளத்துக்குத் தகடு பற்றவைத்தானாம்.
இப்போதும் அதே கை, அதே நீலத் தீ.
கப்பலுக்கு மட்டும் பெயர் கிடையாது, எண்தான்.
"சம்பளம் கூடுதல். மகளுக்குப் பல்லுக்குக் கம்பி போடணும்"
என்றான்,
நான் எதுவும் கேட்காதபோதே.

ஜன்னலோரம் அலினாஃபே.
மலாவியிலிருந்து மூன்று நாள் கூட்டத்துக்கு வந்தவள்.
முதல் நாள் பதினொரு மணிக்கே முடிந்துவிட்டது கூட்டம்.
முன்னுரிமைகள் மாறிவிட்டன என்றார்களாம்.
காபி நன்றாக இருந்ததாம்.
ஒரு துணிப்பை கொடுத்தார்களாம்.
விமானம் வெள்ளிக்கிழமைதான்;
ஹோட்டலை மட்டும் அன்றே ரத்து செய்துவிட்டார்கள்.

சமையலறைத் தொலைக்காட்சியில்
யாரோ ஒரு தொகையை வாசிக்கிறார்.
சைபர்கள் திரையின் ஓரம்வரை போய்
இடமில்லாமல் அடுத்த வரிக்கு இறங்குகின்றன.
குளிர்பெட்டியில் ஆறு மொழியில் "தொடாதே".
ஒரு பால் பாட்டிலில் மண்டையோடுகூட வரைந்திருக்கிறது.
அடித்தட்டில் மட்டும் "யாருக்கும்" என்றொரு சீட்டு.
பாதி வெங்காயம், பிரித்த ஜாம்,
ஊருக்குக் கிளம்பியவன் விட்டுப்போன அரிசி.
அந்தத் தட்டுக்காக
இதுவரை யாரும் கூட்டம் போட்டதில்லை.

குழாய் சொட்டுகிறது.
"பாகம் வரவழைக்கப்படுகிறது" என்று விடுதிக்கார வீப்கெ
ஒட்டிய தாளே நனைந்து மஞ்சளாகிவிட்டது.
அலினாஃபே தன் பையைத் துழாவி எடுத்தாள்
ஒரு கறுப்பு ரப்பர் வளையம்.
சுண்டைக்காய் விலை.
"கைப்பம்பில் தேய்வது இதுதான்.
இது தேய்ந்தால் முந்நூறு பேர் ஆற்றுக்கு நடப்பார்கள்.
காட்டலாமென்று கொண்டுவந்தேன்.
மேசையைச் சுற்றி வந்தது,
நிச்சயதார்த்த மோதிரம்போல் ஆளாளுக்குத் தடவிப் பார்த்தார்கள்.
என்னிடமே திரும்பிவிட்டது."

அளவு சற்றுப் பெரிது.
டெட்லெஃப் பேனாக்கத்தியால் சீவினான்,
நாக்கைக் கடித்துக்கொண்டு, பள்ளிப் பையனைப் போல.
நான் கைபேசி வெளிச்சம் பிடித்தேன்.
சீவியபடியே சொன்னான்:
"கதவுக்குப் பூட்டு வேண்டாமா?
இந்த அறையிலேயே எட்டுப் பூட்டு இருக்கிறதே."
"ஏழு" என்றாள். "வாடகை ஐந்து யூரோ கேட்டார்கள்.
நான் வாங்கவில்லை."
"பயமில்லை?"
"பெட்டியில் என்ன இருக்கு, ரப்பர்."
அவன் சிரிக்கப் பார்த்தான்.
சிரிப்பு பாதி வழியில் எங்கோ நின்றுகொண்டது.

பிறகு யாரும் பேசவில்லை.
திருகி முடித்ததும் மூவரும் குனிந்து
குழாயின் வாயையே பார்த்திருந்தோம்.
ஒரு துளி திரண்டது,
தொங்கியது,
உள்ளேயே இருந்துகொண்டது.

அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போன எனக்கு
அன்றும் தூக்கமில்லை.
கீழ்க் கட்டிலிலும் குறட்டை இல்லை.

வெள்ளிக்கிழமை நான் வேலை முடிந்து வரும்போது
ஜன்னலோரக் கட்டிலில் வெறும் மெத்தை.
"யாருக்கும்" தட்டில்
முட்டை அட்டைக்குள் இரண்டு கறுப்பு வளையம்.
பக்கத்தில் டெட்லெஃபின் கோணல் எழுத்து:
தின்பதற்கல்ல.

சாயங்காலம் புது ஆள் வந்தான்.
சிவப்பு ஒயர், ஈரக் காலணி, தெரியாத மொழி.
காலி பாட்டிலை உயர்த்திக் காட்டினான்.
நான் குழாயைக் காட்டினேன்.