ஒரு சில்லு மிச்சம்

குழி தோண்டக் கூடாதென்று எழுதிய பலகையை
நட வேண்டும்.
அதற்குக் குழி தோண்ட வேண்டும்.
இரண்டரை அடி ஆழம்,
ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு கலவை
என்று எஸ்டிமேட்டில் இருந்தது.

குப்பனூர்ப் பாதையில் டெம்போ ஏறி
கடைசி இரண்டு கிலோமீட்டர்
சிமென்ட் மூட்டையைத் தோள் மாற்றித் தோள் மாற்றி
காப்பித் தோட்டம் தாண்டிப் போனோம்
நானும் தீர்த்தகிரியும்.
மூடுபனியில் கல் இருந்த இடத்தை
ஒரு வெள்ளாடுதான் காட்டிக்கொடுத்தது,
முதுகைத் தேய்த்துக்கொண்டு.

பன்னிரண்டடி இருக்கும். உளி படாத கல்.
சாமி என்றால் மஞ்சள் இல்லை.
எல்லைக்கல் என்றால் நம்பர் இல்லை.
மிளகு பறித்துக்கொண்டிருந்த வெள்ளையம்மா
ஏணியிலிருந்து சொன்னாள்:
"அது நிக்கும். அவ்வளவுதான்."

போட்டோவில் கல்லும் பலகையும்
சேர்ந்து விழ வேண்டுமென்பது உத்தரவு.
ஒட்டியே கடப்பாரையை இறக்கினேன்.
நங்கென்றது.
கையை விட்டுத் துழாவினேன்.
காலடியைச் சுற்றித் தலையளவு கற்கள்,
சந்துகளில் உள்ளங்கையளவு சில்லுகள்,
சாய்வுப் பக்கம் மட்டும் இரட்டை வரிசை.
கம்பம் நட்டால் நான் ஆப்பு வைப்பேனே,
அதே இறுக்கு.

கலவை போடவில்லை அவன்.
எத்தனை பேர் கயிறு பிடித்தார்கள்,
யார் "விட்றாதே" என்று கத்தினார்கள்,
அன்று மத்தியானம் யாருக்குச் சோறு பத்தவில்லை,
பில் எதுவும் இல்லை.

மூச்சு வாங்க ஏறி வந்த ஓவர்சியர் சுகவனம்
"என்னய்யா, குத்துக்கல்லாட்டம் நிக்கிற?" என்றார்.
தீர்த்தகிரி சிரித்துவிட்டான்.
அவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
சிரிக்கலாமா என்று யோசித்தார்.

எடுத்த சில்லுகளை எடுத்த வரிசையில் திரும்ப வைத்தேன்.
எப்படி வைத்தாலும் ஒன்று மிஞ்சியது.
அவன் இருந்திருந்தால் கெட்ட வார்த்தையில் திட்டியிருப்பான்.

இருபதடி தள்ளி, பாதையோரம், வேறு குழி.
போட்டோவில் பலகை மட்டும் விழுந்தது.

சேலம் இறங்கும் பஸ்ஸில்
சில்லறையோடு சில்லையும் நீட்டிவிட்டேன்.
கண்டக்டர் புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

ஐப்பசி மழை விட்டதும் வெள்ளையம்மா போன் செய்தாள்.
பலகை சாய்ந்துவிட்டதாம்.
எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
"கல்லு சாஞ்ச பக்கந்தான்."

கலவைக்கு எழுதிப்போட்டால்
பாஸாக மூன்று மாதம்.
அலமாரியில் துணிக்கடியில் கைவிட்டேன்.
இருந்தது.