ஒரு குடைக்கு ஒரு செருப்பு

சித்திரையில் மூன்றரை மணிக்கு மழை.
லாட்ஜ் மாடியில் நான் காயப்போட்ட
முப்பத்திரண்டு விரிப்புகளைத் திரும்ப நனைக்கிற
அதே மழையை
இவாஞ்சலின் வேறு மாதிரி பார்த்திருக்கிறாள்.

கோக்கர்ஸ் வாக் வாசலில்
மதுரைக்காரர்களும் திருப்பூர்க்காரர்களும்
துண்டு, துப்பட்டா, பாப்கார்ன் கவர் என்று
கிடைத்ததைத் தலையில் போட்டு ஓடுவதை
எண்ணிவிட்டு வந்து சொன்னாள்:
"ஒரு மணி நேரத்துல எண்பத்தாறு பேரும்மா.
குடை வெச்சிருந்தது ஒன்பதே பேர்."

ஏழு குடைக்கு ஆயிரத்து ஐம்பது.
கடனாக வேண்டும் என்றாள். பதினோரு வயது.
வட்டி என்ன தருவாய் என்றேன் விளையாட்டாக.
மாசம் நூத்துக்கு ரெண்டு என்றாள், விளையாடாமல்.
"குழுவில உனக்கு எவ்வளவு?"

சட்டென்று அடுப்பைப் பார்த்தேன்.
பால் பொங்கவில்லை.

எங்கள் வீட்டில் பணத்தை
வியாதியைப் போலப் பேசுவார்கள்.
குரலைத் தாழ்த்தி,
பிள்ளைகளை வெளியே போய் விளையாடச் சொல்லி.
வெளியே விளையாடிக்கொண்டே
முப்பத்தாறு வயதுக்கு வந்துவிட்டேன்.

முதல் நாள் போன் நம்பர் வாங்கிக்கொண்டாள்.
இரண்டு குடைகள்
மூஞ்சிக்கல் டீக்கடையில் அநாதையாகக் கிடைத்தன.
மறுநாளிலிருந்து செருப்பு ஈடு,
ஒரு குடைக்கு ஒன்று.
கழற்றிய காலுக்கு அவளே
ஒரு நீல ரப்பர் செருப்பு தருவாள்.
"ஜோடி சேராத செருப்போட
யாரும் ஊருக்குப் போகமாட்டாங்கம்மா."
ஷூ போட்டவர்கள்?
"அவங்க முழு விலையும் முன்பணம்."

பிள்ளையைக் காசுப் பேய் ஆக்குகிறாய் என்றாள்
கீழ்வீட்டு ரோஸ்மேரி,
ஐந்நூறு ரூபாய் கைமாற்று கேட்க வந்த அன்று.

மாதக் கடைசியில் வட்டி வந்தது.
பத்து, பத்து, ஒன்று.
என் கை கூசியது.
"வாங்கும்மா. வாங்காட்டி
அது கடன் இல்ல, செல்லம்."

பிறகு என் பாஸ்புக்கைக் கேட்டாள்.
நான்கு வருடமாகப் பீரோவில்
சேலைகளுக்கு அடியில் மடித்துவைத்திருந்தது.
வாங்கியது முப்பதாயிரம் என்றேன்.
"இல்ல, பிடிச்சது போக
கைக்கு வந்தது இருபத்தொன்பதாயிரத்து நூறு.
வாரம் எழுநூறு, ஐம்பத்திரண்டு வாரம்."
பென்சிலைக் கடித்தாள். எழுதினாள். அடித்தாள்.
"ஏழாயிரத்து முந்நூறு கூடக் கட்டியிருக்கே.
நாற்பத்தெட்டு குடைம்மா,
மீதி நூறு."

அதை ஒரு தொகையாகச் சொல்லியிருந்தால்
தாங்கியிருப்பேன்.
குடைகளாக விரித்துவிட்டாள்.
இரவெல்லாம் அந்த நாற்பத்தெட்டும்
மலைச்சரிவில் யார் யார் தலைக்கு மேலேயோ
போய்க்கொண்டிருந்தன.

அவள் நோட்டை ஒருநாள் திருட்டுத்தனமாகப் புரட்டினேன்.
கம்பி மாற்ற, பதினைந்து.
ஏழாம் குடை போனது, நூற்றைம்பது.
(கையிருப்பு: பழுப்புத் தோல், இடது கால், ஒன்பதாம் நம்பர்.)
அதற்குக் கீழே
ஈரம், இருபது.
தேதி இல்லை, பெயர் இல்லை.
அந்தச் சனிக்கிழமை
பிளம்ஸ் விற்கிற மாரியாயி
கைக்குழந்தையோடு நனையாமல் வீடு சேர்ந்ததை
வேறு யாரோதான் சொன்னார்கள்.
நான் எதுவும் கேட்கவில்லை.
கணக்கு அவளுடையது.

செவ்வாய்க்கிழமை.
புதுக் கடனுக்கான தாளை நீட்டிய தம்பி
பேனாவையும் திறந்தே கொடுத்தார்.
முதல் வரியிலிருந்து படித்தேன்.
எனக்குப் பின்னால் பதினோரு பெண்கள்
ஒருவர் பின் ஒருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.
இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.
அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்,
ஜன்னலைப் பார்த்தார்.
"அக்கா, மழை வருது,
சீக்கிரம் கையெழுத்தைப் போட்டீங்கன்னா..."

குடை இருக்கு தம்பி, என்றேன்.
அரை மணிக்கு இருபது ரூபாய்.
ஒரு செருப்பைக் கழற்றி வெச்சுட்டுப் போங்க.