குழாய்க்கு இருபத்திரண்டு உதடு

தண்ணீர் லாரி செவ்வாய்க்கிழமை வரும். வந்தால்.
மேடேற முடியாமல் பாதி வளைவில் நின்று
மூன்று தரம் ஹாரன் அடிக்கும்.
பீப்பாய்க்கு எவ்வளவு என்று
விரலால் காட்டுவான் ஓட்டுநர்,
போன வாரத்தைவிட ஒரு விரல் கூட.

லிமா நகரம் எங்களுக்குக் கீழே,
மூடுபனிக்கும் கீழே.
இந்தப் பனி கொடியில் துணியை நனைக்கும்,
கூரை ஆணியைத் துரு ஏற்றும்,
பாத்திரத்தில் மட்டும் ஒரு சொட்டு விழாது.

"இந்த மணலில் என்ன முளைக்கும், நில்டா?"
எர்மீனியோ கேட்டார்.
மணலில் இல்லை என்றேன்.
"பின்னே?"
குழாயில்.
அவர் சிரித்த சிரிப்பில்
அவர் வளர்க்கும் கினிப் பன்றிகள்கூட
மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தின.

குழாய், கட்டட வேலையில் மிஞ்சியது,
என் உயரத்துக்கு மேல் ஒரு சாண்.
மேஸ்திரியிடம் கேட்டேன். வேறு பக்கம் பார்த்தார்.
அதுதான் சம்மதம்.
வாளி, பெயின்ட் வாளி,
எத்தனை தேய்த்தும் உள்ளே ஒரு மஞ்சள் வளையம்.
பம்பு, நான் தரை துடைக்கும் பல் ஆஸ்பத்திரியில்
மீன் செத்துப்போன தொட்டியிலிருந்து.
"கொண்டுபோ, இதன் சத்தத்தில் நோயாளிகள் பயப்படுகிறார்கள்,"
என்றார் டாக்டர்,
துளைபோடும் கருவியைக் கையில் பிடித்தபடி.

ரம்பத்தால் கீறி, தணலில் வாட்டி,
இளகும்போது பாட்டிலைச் செருகி அழுத்தினால்
குழாய் உதட்டைப் பிதுக்கும்,
அடம்பிடிக்கும் பிள்ளை போல.
வாசலுக்கு வெளியே செய்யவேண்டும், நெடி தலைக்கேறும்.
முதல் உதடு கருகியது.
அடுத்தது கிழிந்தது.
பிறகு கை பழகிவிட்டது.
மொத்தம் இருபத்திரண்டு,
கருகியதையும் சேர்த்தால்.

உரம் இரண்டு பொட்டலம்.
ஒன்றோடொன்று நேரே கலந்தால் திரிந்துவிடும்;
சண்டைபோட்ட சம்பந்திகளைப் போல்
தனித்தனியே தண்ணீரில் இறக்கவேண்டும்.
புளிப்பு பார்க்கும் தாள் வாங்கக் காசில்லை.
குடிக்க வேகவைத்த ஊதாச் சோளச் சாறு இருந்தது.
ஒரு கோப்பைத் தண்ணீரில் ஒரு கரண்டி விட்டேன்.
பச்சை தட்டியது. வாளியில் எலுமிச்சை பிழிந்தேன்.
மறுபடி ஒரு கோப்பை, மறுபடி எலுமிச்சை.
ஊதா ஊதாவாகவே நின்றபோது
மீதிச் சாற்றை நானே குடித்தேன்.

வெயில் பட்டு வாளி பாசி பிடித்தது.
கறுப்புக் குப்பைப் பையால் சட்டை போட்டேன்.

இரவில் குழாய்க்குள் தண்ணீர் இறங்கும்,
யாரோ செருப்பில்லாமல் மாடிப்படி இறங்குவதுபோல்.
எங்கள் வீட்டுக்கு மாடி இல்லை.
அந்தச் சத்தத்தில்தான் தூங்கப் பழகினேன்.

அதனால்தான்
இருபதாம் நாள் மின்சாரம் போனதும் விழித்துக்கொண்டேன்.
வாளியில் மொண்டு உச்சியில் ஊற்று.
வடியட்டும். மொண்டு ஊற்று.
இரண்டு மணிக்கு டார்ச்சோடு எர்மீனியோ வந்தார்.
என் கையிலிருந்து குவளையை வாங்கினார்.
"படு. ஐந்து மணிக்கு உனக்கு பஸ்."

விடிந்தபோது கீழ்வரிசை ஆறு உதடுகளில்
கீரை இல்லை, வெள்ளை நூலாய் வேர் மட்டும்.
அடியில் அவருடைய தாய்ப்பன்றி,
மீசை நனைந்து, வயிறு நிறைந்து.
அவசரத்தில் கூண்டைச் சாத்த மறந்திருக்கிறார்.
தொப்பியைக் கழற்றினார், மாட்டினார்.
ஒன்று, இரண்டு என்று மேலே எண்ணிக்கொண்டே போனார்.
"பதினாறு இருக்கிறது,
நல்லவேளை, நெட்டுக்குத்தாய்க் கட்டினாய்."

கருகிய உதட்டிலும் ஒன்று இருந்தது.
அதை முதலில் கிள்ளி,
உப்புத் தொட்டுத் தின்றோம், ஆளுக்குப் பாதி.

செவ்வாய்க்கிழமை ஹாரன் அடித்தது.
எட்டிப் பார்த்தேன். போன மாதம் நிரப்பிய வாளியில்
இன்னும் நாலு விரல் தண்ணீர்.
ஓட்டுநர் தன் விரல்களைக் காட்டினான்.
நான் என் நாலைக் காட்டினேன்.
பேரம் பேசுகிறேன் என்று நினைத்து
தலையை ஆட்டினான்.